நடன வகுப்பில் மனம் நழுவும் இடங்கள்

போன சனிக்கிழமை என் பரத வகுப்பில் ஏழு பிள்ளைகள் நாட்டடவு ஆடிக்கொண்டிருந்தார்கள். அடவு என்றால் காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு. சொல்லாமல் கொள்ளாமல், தாளம் தட்டும் தட்டுக்கழியை நிறுத்தினேன். முன்னால் நின்ற பெண் உடனே நின்றாள். மற்ற ஆறு பேரும் அவள் நின்றதைப் பார்த்த பிறகுதான் நின்றார்கள். என் தட்டு அவர்கள் காதில் விழவே இல்லை. பரதம் கற்ற காலத்தில் நானும் அப்படித்தான் பின்வரிசையில் நின்றேன்.

முழங்காலை மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டி உயர்வது, முத்திரை கலைவது எல்லாம் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடுவார். நான் சொல்ல வருவது வெளியே தெரியாத தவறுகளை.

முன்னால் ஆடுபவரைப் பார்த்து ஆடுவது

"நல்லா ஆடுற பொண்ணு பின்னாடி நிறுத்துங்க டீச்சர், பார்த்துக் கத்துக்குவா" என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவள் பார்ப்பாள், ஆடுவாள், ஆனால் கற்றுக்கொள்ள மாட்டாள். கண் பார்த்து, அப்புறம் கால் அசைவதற்குள் தாளம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அது தெரியாது. இரண்டாம் காலத்தில் வேகம் இரண்டு மடங்கு, மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு. அங்கேதான் குட்டு வெளிப்படும்.

எனக்குப் பதினான்கு வயது. நவராத்திரிக்கு ஒரு கோயில் மேடையில் ஐந்து பேர் ஜதிஸ்வரம் என்ற நடன உருப்படியை ஆடினோம். பாதியில் முன்னால் இருந்தவளின் வலது கால் சலங்கை அவிழ்ந்து தொங்கியது. தடுக்கிவிடுமோ என்று அவள் ஓரமாக ஒதுங்கினாள். என் கால் நின்றுவிட்டது. மூன்று வருடம் ஆடிய உருப்படி, அடுத்த அடவு என்னவென்று தெரியவில்லை. மிருதங்கம் வாசித்துக்கொண்டே போகிறது, நட்டுவாங்கத் தாளம் என்னைக் கூப்பிடுவதுபோல் தட்டுகிறது, எங்கள் வரிசையில் மூன்று பேர் மரம் மாதிரி நிற்கிறோம். ஆதி தாளத்தில் ஒரு முழு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, எட்டு எண்ணிக்கை. அந்த எட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிரவு ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துத் தட்ட ஆரம்பித்தார். பார்க்க ஆளில்லை, சுண்ணாம்பு மட்டும்தான். "சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடு" என்றார். அடவுக்கான தாளச் சொற்கள்தான் சொற்கட்டு. 'தெய்யும்' என்று நான் சொல்லும் நேரமும் குதிகால் தரையில் படும் நேரமும் வேறுவேறாக இருப்பது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. இரண்டும் ஒன்றாகச் சேர மூன்று வாரம் ஆயிற்று. வீட்டிலும் இதைச் செய்யலாம். சுவரும் வாயும் போதும்.

கண்ணாடி

கை போகும் இடத்துக்குக் கண், கண் போகும் இடத்துக்கு மனம் என்று வரும், அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலின் சுலோகத்தைப் பிள்ளைகள் வகுப்புதோறும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அடுத்த நிமிடம் கை ஒரு பக்கம் போகிறது, கண் கண்ணாடியில் நெற்றிப்பொட்டைச் சரிபார்க்கிறது. அபிநயம் சொல்லித்தரும் நாட்களில் நான் கண்ணாடிமேல் பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடிவிடுவேன்.

செல்போனில் பிடிப்பது

வகுப்பு முடிந்த பிறகு எடுங்கள்.

தவறிய அடவையே நினைப்பது

ஒரு அடவு தப்பியதும் முகம் சுருங்கும், நாக்கைக் கடிப்பார்கள். அதற்குள் அடுத்த நான்கும் போய்விடும். தப்பியதை விடுங்கள். காதைத் தாளத்துக்குக் கொடுத்து, அரைமண்டியில் காத்திருந்து, அடுத்த சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், சேர்ந்துகொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொள்வது

இது தியான வகுப்பு இல்லை. கண் திறந்தே இருக்கட்டும்.

இந்த வாரம் ஏழு பேரையும் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினேன். நான்கு பேருக்கு இரண்டாம் காலமே வரவில்லை. முன்வரிசைப் பெண்ணுக்கு மூன்று காலமும் வந்தது. அவள் முன்னால் எப்போதும் யாரும் நின்றதில்லை.