மோரிப் சேறு ஏன் கறுத்தது?

மலேசியாவில், பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. மோட்டாரில் மோரிப் கடற்கரைக்குப் போய் ஆயில் பெயிண்டிங் வரைவேன். அங்கே பார்க்கும்போது படம் அருமையாக இருக்கும். வீட்டு ஹாலில் சாய்த்து வைத்தால் சேற்றுத்தரை கரிக்கட்டை மாதிரி இருண்டு கிடக்கும். மூன்று மாதம் இதே கதை. வெள்ளையைக் கூட்டினேன், நிறம் சுண்ணாம்பாய் வெளுத்ததே தவிர, உயிர் வரவில்லை.

கோளாறு பெயிண்டில் இல்லை, வெயிலில்! மோரிப் மேற்குப் பார்த்த கரை. காலை வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து நேரே கேன்வாஸில் விழுந்தது. வெயில் பட்ட நிறம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும். கை தானாகவே இருட்டாகக் கலந்துவிடும். ஸ்டாண்டைத் திருப்பி, கேன்வாஸ், நிறம் கலக்கும் பேலட் இரண்டையும் நிழலுக்குள் கொண்டுவந்தேன். முதலில் பிடித்தது சிவப்புக் குடை. அதன் சாயல் வெள்ளைப் பெயிண்டின் மேல் ரோஸாக விழுந்தது. கறுப்புக் குடைக்கு மாறியதும் சரியாகிவிட்டது.

வெள்ளைக் கேன்வாஸ் கண்ணைக் கூசாமலிருக்க, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புப் பெயிண்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முன்கூட்டியே பூசிக் காயவிடுகிறேன்.

கடல் வற்றினால் வெகுதூரம் போய்விடும். அதனால் நீர் நிற்கும் கோட்டை முதலிலேயே போட்டுவிடுவேன், பிறகு தொடமாட்டேன்.

போன ஞாயிறு ஈரச் சேற்றில் வானம் மினுங்கியதை வரைந்தேன். அல்ட்ராமரின் என்ற அடர்நீலம், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் வெள்ளை. ஹாலிலும் அது அப்படியே மினுங்குகிறது.