ராக்கெட் எமோஜியைப் பொருத்தமாகப் பயன்படுத்துவது எப்படி?

எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்குமான பொதுக் குறியீட்டுத் தரமான யூனிகோடின் 6.0 பதிப்பில் 2010இல் இடம்பெற்ற ராக்கெட் எமோஜி, கார், ரயில், விமானம் ஆகியவற்றோடு பயணப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. விண்கலத்தை மட்டுமன்றி, புதிய முயற்சியின் தொடக்கத்தையும் விரைவான வளர்ச்சியையும் அது குறிக்கும். பங்குச்சந்தைக் குழுக்களில் விலை ஏறுகிறது என்று பொருள்.

சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பகுதிகளில் வாழும் நமக்கு அது முதலில் ஸ்ரீஹரிகோட்டாவையே நினைவூட்டும் என்பதால், ஏவுதல் நாளில் அதைத் தனியாக அனுப்பாமல், "அண்ணா, மதியம் 2.35க்கு மாடிக்கு வந்துவிடுங்கள்" என்பதுபோல் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். (2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டது அந்த நேரத்தில்தான்.) வெறும் எமோஜியைக் காணும் வெளியூர் உறவினர், ராக்கெட் ஏற்கெனவே கிளம்பிவிட்டதாக எண்ணிக்கொள்ளக்கூடும். ஏவுதல் தோல்வியடைந்த நாளில் அதை அறவே தவிர்த்துவிடுங்கள். பல ஆண்டு உழைத்தவர்களுக்கு அது கேலியாகத் தோன்றும்.

செயற்கைக்கோளுக்குத் தனி எமோஜி உண்டு. தட்டு வடிவ ஆன்டெனா எமோஜி தரையிலுள்ள கருவியைக் குறிப்பதால், செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்த செய்திக்கு, நீலத் தகடுகள் விரிந்த எமோஜியையே தேர்ந்தெடுங்கள்.