தனுஷ்கோடிக் காற்றில் ஒரு பேட்டி

டிவி நிகழ்ச்சிகளுக்கு ஒலிப்பதிவு செய்வது என் வேலை. திரையில் என் முகம் வராது. காதில் ஹெட்போன், தோளில் ரெக்கார்டர்.

1964 டிசம்பர் புயலில் தப்பிய மீனவர் ஒருவரின் பேட்டி அது. தை மாதம். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் அவரை உட்கார வைத்தோம். அவர் பேச ஆரம்பித்ததும் ஹெட்போனில் படபடவென்று ஒரே இரைச்சல். காலர் மைக்கின் ஸ்பாஞ்ச் உறை அந்தக் காற்றுக்குத் தாங்கவில்லை. தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். உறுமல் குறைந்தது, படபடப்பு போகவில்லை. காற்று மைக்கின் சவ்வையே நேராக அடித்தால் ஃபில்டர் என்ன செய்யும்?

"எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்" என்றார் இயக்குநர். நான் ஒப்பவில்லை. சிதைந்து பதிவான குரலை யாராலும் முழுசாக மீட்க முடியாது.

பெரியவரிடமே கேட்டேன்: "ஐயா, காத்து எங்க மறையும்?"

"வாடைக்கு இந்தச் செவருதான் மறைப்பு தம்பி, இங்கிட்டு வாங்க" என்று பவளக்கல் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனார். மைக்கைச் சட்டைக்கு உள்ளே மாற்றி, துணி உரசாதபடி இருபுறமும் மருத்துவ டேப் ஒட்டினேன். வயரை ஒரு சுற்று சுற்றித் தளர்வாக விட்டேன். இழுபட்டால் அதுவும் சத்தம் போடும். முடிவில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, கடல் இரைச்சலை மட்டும் ஒரு நிமிடம் பதிந்தேன். வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் ஓடவிட அது வேண்டும்.

அந்த இரவைச் சொல்லும்போது அவர் மூச்சு தடுமாறியதுகூடத் தெளிவாகப் பதிவாகியிருந்தது.