காது அடைத்தால் குடையாதீர்கள்: குறும்பியைக் கையாளும் முறை

எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்த சற்று நேரத்தில் ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே தங்கிவிட்டதென்று நினைத்துத் தலையைச் சாய்த்துத் தட்டுவோர் பலர். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: காதுக் குழாயில் முன்பே நிறைந்திருந்த குறும்பி, நீரில் ஊறி உப்பி, ஒலி புக மிஞ்சியிருந்த சிறு இடுக்கையும் மூடிவிட்டது.

குறும்பி அழுக்கு அன்று. பெரியவர்களுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாயின் வெளிப்பகுதியில் மட்டுமே சுரக்கும் அது, தூசியைப் பிடித்து நிறுத்தித் தோல் வறளாமல் காக்கிறது. குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதாலும், மெல்லும்போது தாடை அசைவதாலும், பழைய குறும்பி தானாகவே காது வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். ஆகவே, செவிப்பறையை ஒட்டி அது கெட்டிப்பட்டிருந்தால், பட்ஸ், ஊக்கு, வண்டிச் சாவி எனக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு நாமே உள்ளே தள்ளியிருப்போம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்ஸின் நுனியில் ஒட்டிவரும் மஞ்சளைக் கண்டு காது சுத்தமாகிவிட்டதென்று திருப்தி அடைகிறோம். ஒட்டாமல் உள்ளே போனது நம் கண்ணில் படுவதில்லை.

அடைப்பெல்லாம் குறும்பியும் அன்று. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறும்போது காது அடைப்பது, வெளிக் காற்றழுத்தம் குறைவதால் செவிப்பறை வெளிநோக்கி உப்புவதன் விளைவு. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அது விலகும். சளி பிடித்திருந்தால், குறிப்பாக மலையிறங்கும்போது, அடைப்பு நீடிக்கலாம். அதற்குக் காதில் மருந்து விடுவதால் பயனில்லை.

குறும்பிதான் என்று தெரிந்தால், முதல் வேலை அதை இளக்குவது. ஆலிவ் எண்ணெயையோ மருந்துக்கடையில் கிடைக்கும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்தையோ, உள்ளங்கையில் சற்று நேரம் புட்டியைப் பிடித்து உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, அடைத்த காது மேலிருக்க ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். நாளைக்கு இருமுறை வீதம் மூன்று முதல் ஐந்து நாள் தொடரலாம். இடையில் அடைப்பு கூடியதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம். இளகும் குறும்பி ஊதுவதே காரணம். வெளியே வழிவதைத் துணியால் துடைத்தால் போதும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றும் பாட்டி வைத்தியத்தை, பாட்டியின் மேலுள்ள மரியாதை குறையாமலே, கைவிட்டுவிடலாம்: அது குழாயைச் சுட்டுவிடக்கூடும். காதில் மெழுகுவத்தி வைத்து எரிப்பதும், தெருவில் காது குடைபவரிடம் காதைக் கொடுப்பதும் ஆபத்தே.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களும், காதில் அறுவை செய்துகொண்டவர்களும், சீழ் வடிபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விடக்கூடாது. சர்க்கரை நோயாளிகள் காதைக் குடைந்து உண்டாக்கும் சிறு கீறல்கூடக் கடும் தொற்றாக மாறலாம். வலி, காய்ச்சல், தலைசுற்றல் இருந்தாலோ, ஒரு காது திடீரெனக் கேளாமல் போனாலோ நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீர்க் கேளாமை நரம்புக் கோளாறாக இருந்தால், சிகிச்சையைத் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ தனியார் மருத்துவரிடமோ, குறும்பியை நேரில் பார்த்தபடி உறிஞ்சு குழாயால் எடுப்பார்கள், அல்லது வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சி வெளியேற்றுவார்கள். நீர் உடற்சூட்டில் இல்லாவிட்டால் தலை சுற்றும். அப்படிச் சுற்றினால் உடனே சொல்லிவிடுங்கள். காது கேட்கும் கருவி அணிவோரும், நாள் முழுதும் இயர்போன் மாட்டுவோரும் அவ்வப்போது காதைக் காட்டிக்கொள்வது நல்லது. விசைத்தறிக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்கள், குறும்பியை எடுத்த பிறகும் கேட்பது மந்தமாகவே இருந்தால், தறி இரைச்சலால் உள்காது பழுதாகியிருக்கலாம் என்பதால், கேட்கும் திறன் பரிசோதனையை அங்கேயே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.