மலையில் குதிரைப் பயணம்: ஏறுவதற்கு முன் முதுகைப் பாருங்கள்

மலைக்காட்டில் சில நாள் குதிரையிலேயே சுற்றப் போகிறவர்கள் வழியையும் காட்சிகளையும் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களைச் சுமக்கப்போகிற முதுகைப் பார்த்தீர்களா?

சேணம் போடும் முன்பே போய் நில்லுங்கள். முதுகிலும் வயிற்று வார் படும் இடத்திலும் புண் இருக்கிறதா, லாடம் ஆடுகிறதா என்று கவனியுங்கள். சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடித் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அது பழைய காயத்தின் தழும்பு. முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். வலி உள்ள குதிரை முதுகைத் தாழ்த்தும், காதைப் பின்னால் மடக்கும். தயங்காமல் வேறு குதிரை கேளுங்கள்.

சேணம், பை, நீங்கள் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. மலை ஏற்றத்துக்கு அதற்கும் குறைவாக இருப்பதே நல்லது. உங்கள் எடையைக் கேட்காத ஏற்பாட்டாளரோடு நான் போகமாட்டேன்.

தலைக்கவசம் கட்டாயம். சின்னக் குதிகால் வைத்த காலணி போடுங்கள். அப்போதுதான் கால் அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) நழுவிச் சிக்காது. மழைக்கோட்டைக் குதிரை மேல் உட்கார்ந்தபடி விரிக்காதீர்கள், அந்தச் சரசரப்பில் அது மிரளும். இறங்கி மாட்டுங்கள்.

கிளம்பிக் கொஞ்ச தூரம் நடந்ததும் வயிற்று வாரை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். தளர்ந்த வாரோடு மேட்டில் ஏறினால் சேணம் பின்னால் சரியும்.

ஏற்றத்தில் முன்னால் சாய்ந்து, பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு லகானைத் தளர விடுங்கள். கழுத்தை நீட்டினால்தான் குதிரைக்கு ஏற முடியும். இறக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து குதிகாலைத் தாழ்த்துங்கள். ரொம்பச் செங்குத்தா? இறங்கி நடந்துவிடுங்கள், அதன் கால்களுக்கும் உங்கள் முழங்காலுக்கும் நல்லது.

ஓடை வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். தலையைக் குனிந்து அடியைப் பார்த்துவிட்டு அதுவே இறங்கும். ஆனால் தண்ணீரில் நின்று முன்காலால் அடிக்க ஆரம்பித்தால் உருளப் பார்க்கிறது என்று அர்த்தம். உடனே முன்னே செலுத்துங்கள்.

சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் முதல் வேலை குதிரைதான். சேணத்தைக் கழற்றும்போது பக்கத்தில் இருங்கள். முதுகு முழுக்க வியர்வையில் நனைந்து, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்தியிருக்கலாம். அப்போதே வழிகாட்டியிடம் காட்டுங்கள். மறுநாள் சேணம் ஏற்றும் முன் அடித்துணியைச் சரிசெய்ய அவருக்கு நேரம் கிடைக்கும்.