மாவுப்பூச்சிக்கு நாலு தடவை மருந்தடிக்க வேண்டும்

மணி பிளாண்ட் தண்டும் இலைக்காம்பும் சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது தூசி இல்லை, மாவுப்பூச்சி. நானும் முதல் தடவை தூசி என்றுதான் நினைத்தேன், ஊதிப் பார்த்தேன், போகவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் பக்கத்துத் தொட்டிக் குரோட்டன் முழுக்க வெள்ளை. கோலாலம்பூரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, அதனால் இதுகள் வருஷம் முழுக்கப் பெருகும். கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்குள்ளே கழுவிவிட மழையும் இல்லை, பிடித்துத் தின்னப் பொறிவண்டும் இல்லை. அந்த இரண்டு வேலையையும் நாம்தான் செய்யவேண்டும்.

கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கிற ஸ்பிரே டின்னைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இலைதான் கருகும்.

முதலில் அந்தத் தொட்டியைத் தனியாகத் தூக்கி வையுங்கள். மருந்துக் கடையில் 70 விழுக்காடு ஆல்கஹால் வாங்கி, காது குடைகிற பஞ்சுக் குச்சியில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். வெள்ளை மெழுகு கரைந்து பூச்சியின் நிறம் தெரியும், அப்படியே துடைத்து எடுத்துவிடலாம். மெல்லிய இலைச் செடி என்றால் ஒரே ஓர் இலையில் தொட்டு, மறுநாள் வரை பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

அப்புறம் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் அரைத் தேக்கரண்டி. சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே தனியாக மிதக்கும், அடிக்கும்போதும் அடிக்கடி குலுக்கிக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், விளக்கேற்றுகிற கலப்பு எண்ணெய் இதற்கு ஆகாது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்படி அடிக்கவேண்டும், மேல்பக்கம் மட்டும் அடிப்பது வீண். வாடை லேசில் போகாது. தீபாவளிக்கு முதல் நாள் ஹாலில் அடித்துவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு தடவை அடித்துவிட்டு, பூச்சி திரும்ப வந்ததும் மருந்து சரியில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகள் தப்பித்துவிடும், பொரிந்து வரும் குஞ்சுகளைப் பிடிக்கத்தான் அடுத்த ரவுண்டு. ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை, குறைந்தது நாலு தடவை. அதற்குப் பிறகும் வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள், அங்கேயும் வெள்ளைப் பொடி இருக்கலாம். இருந்தால் மண்ணைக் கொட்டி, வேரைக் கழுவி, புது மண்ணில் வையுங்கள். தொட்டியில் எறும்பு வரிசை போனாலும் சந்தேகப்படுங்கள், பூச்சி கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

சமையலுக்குப் பறிக்கிற கறிவேப்பிலையில் இதெல்லாம் வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மோசமான கொத்துகளை வெட்டினால் போதும், துளிர்த்துவிடும்.

ஏர்கோன் ஓடுகிற அறையில் வருவது வேறு, சிலந்திப்பேன். காற்று காய்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். இலையில் ஊசி குத்தினது போல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளி நகர்ந்தால் அதுதான். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஷவரில் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே வளர்ந்துவிடும், ஆகவே மூன்று நாளுக்கு ஒரு தரம் கழுவவேண்டும்.

தொட்டியைச் சுற்றிப் பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்குக் காரணம் நீங்கள் ஊற்றுகிற தண்ணீர். மேல்மண் ஓர் அங்குலம் காயும் வரை ஊற்றாதீர்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைச் செருகுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், அதில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் கட்டவேண்டி வரும்.

சுங்கை பூலோ நர்சரியில் ஆசைப்பட்டு வாங்கி வந்த செடியை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். என் பூச்சியும் அப்படிப் புதுச்செடியோடு வந்ததுதான். குரோட்டனைக் கடைசியில் காப்பாற்ற முடியவில்லை. நீங்களும் தூக்கிப் போடுவதானால் மண்ணோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிப் போடுங்கள், மாடிக் குப்பை அறையில் திறந்து வைத்தால் பாவப்பட்ட யாராவது எடுத்துக்கொண்டு போய் வளர்ப்பார்கள்.