கோடையில் உயிரினங்களுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலையில் குமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை கொட்டும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. எனவே மே முடிந்ததும் தண்ணீர்ச் சட்டியை எடுத்து உள்ளே வைக்கும் பழக்கம் இந்தக் கணவாயை ஒட்டிய தோவாளை வட்டாரத்துக்கு ஒத்துவராது.

அதைவிடப் பெரிய தவறு, சட்டி வைத்தால் போதும் என்று நினைப்பது. வறண்ட நிலத்து உயிர்கள் தண்ணீரைத் தேடுவதைவிட, உடம்பில் இருப்பதை இழக்காமல் காப்பதால்தான் பிழைக்கின்றன. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாகப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்கிறோம். அதில் இருப்பது கொழுப்பு. நீர் குறைவான நாட்களில் அதன் உடல் வெப்பம் காலையில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, பகலில் 40-ஐத் தாண்டும். அதுவரை பெரிதாக வியர்ப்பதில்லை. உடல் எடையில் கால்பங்கு நீர் போனாலும் தாங்கும். கிடைத்ததும் சுமார் 10 நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலிக்கோ குடிநீரே தேவையில்லை. தின்ற விதை உடம்பில் எரியும்போது உண்டாகும் நீரை வைத்தே வாழ்கிறது. பகல் முழுக்க வளையை விட்டு வெளியே வராததால்தான் அந்தக் கணக்கு சரியாகிறது.

நிழலும் பொந்தும் இல்லாமல் போனால் இந்தச் சிக்கனம் எதற்கும் உதவாது. விளையை, அதாவது தோட்டத்தை, சுத்தம் செய்கிறோம் என்று உடைமரப் புதரையும் பனையடிச் சருகையும் மொத்தமாகக் கொளுத்துகிறவர்கள், ஓணானுக்கும் கீரிக்கும் அந்த மறைவையே இல்லாமல் செய்கிறார்கள். ஒரு மூலையையாவது அப்படியே விட்டுவையுங்கள்.

சட்டி விஷயத்துக்கு வருவோம். ஆழமான வாளியில் குருவியும் அணிலும் விழுந்து சாகும். அகலமான மண்சட்டியில் 3 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். உள்ளே சில கற்கள் போட்டால் தேனீக்கள் மூழ்காமல் அமர்ந்து குடிக்கும். தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் இது முக்கியம், கூட்டைக் குளிர்விக்கவும் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். சட்டியைக் காற்று மறைவில், மர நிழலில் வையுங்கள். ஆனால் புதரை ஒட்டி வேண்டாம், பூனை பதுங்கியிருக்கும். இரண்டு மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே நிரப்புவதும் தவறு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் சட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வாரம் இருமுறையாவது தேங்காய் நாரால் உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

வெயிலில் மயங்கி விழுந்த பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பக்கத்தில் தட்டில் தண்ணீர் வையுங்கள். தெளிந்ததும் தானே குடிக்கும். குஞ்சுகளுக்கு இரையில் உள்ள ஈரமே போதும்.

ஆமையைக் கண்டால் தூக்காதீர்கள். வட அமெரிக்கப் பாலைவன ஆமை சிறுநீர்ப்பையில்தான் நீரைச் சேமிக்கிறது. தூக்கினால் பயத்தில் அதை வெளியேற்றிவிடும், அடுத்த மழைக்குள் செத்தும் போகலாம். நம் ஊரில் நட்சத்திர ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதன் வழியிலேயே போகவிடுங்கள்.